வாடை திரும்பும் வாரங்கள்

ஆடி மாதக் காலையில் எண்ணூர் நெட்டுக்குப்பம் கரையில் நின்று வடக்கே பார்த்தால், அனல்மின் நிலையங்களின் புகை கடல் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருக்கும். அப்போது வீசுவது கச்சான், மேற்கிலிருந்து வருகிற காற்று. ஐப்பசி பிற்பாதியில் அதே இடத்தில் நின்றால் புகை ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கும். வாடை பிறந்துவிட்டதென்று கரையில் வலை பார்க்கிறவர்கள் அதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. கச்சான் ஓய்ந்திருக்கும், வாடை வந்திருக்காது. இலை அசையாது, கொடியில் போட்ட துணி காயாது, சும்மா உட்கார்ந்த இடத்திலேயே முதுகு நனையும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. அதற்குச் சற்று முன்னும் பின்னுமான நாட்களில் அறுபது, எழுபது தாண்டிய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

குளிர் நாடுகளில் முதியோருக்கான பருவமாற்ற அறிவுரை எளிது. வெயில் போயிற்று, கம்பளியை எடு, கணப்பைச் சரிபார் என்று முடித்துவிடலாம். ராயபுரத்தில் அது எதற்கும் உதவாது. இங்கே வெயில் காலம் ஒரு தேதியில் முடிவதில்லை. உச்சி வெயிலுக்கு நாம் பயப்படுகிறோம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை இன்னும் பேசுகிறோம். அந்தப் பயத்தால்தான் மே மாதத்தில் மோர், நுங்கு, நன்னாரி, தலைக்குத் துண்டு என்று எல்லாமே தானாக நடக்கிறது. அக்டோபரின் 33 டிகிரிக்கு யாரும் பயப்படுவதில்லை. திடீரென்று ஓர் இரவு மழை கொட்டி, காலையில் 24 டிகிரி. மறுபடி இரண்டு நாள் புழுக்கம், மறுபடி மழை. முப்பது வயது உடம்பு இதைக் கவனிப்பதுகூட இல்லை.

வயதான உடம்புக்கு இதில் இரண்டு சிக்கல்கள். மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மெதுவாக நடக்கிறது என்பது ஒன்று. அதைவிட மோசமானது, ஈடுகொடுக்க முடியவில்லை என்பதை உடம்பு வெளியே சொல்வதில்லை. தாகம், வியர்வை, காய்ச்சல், பாதத்தில் குத்தும் வலி என்று எந்தெந்த அறிகுறியை நம்பி நாம் வாழ்நாள் முழுக்க உடம்பைப் பார்த்துக்கொண்டோமோ, அவை ஒவ்வொன்றாக மங்கிவிடுகின்றன. “ஏதாச்சும்னா உடம்பே சொல்லிடும்” என்பது ஐம்பது வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு கடிகாரம், தெர்மாமீட்டர், ரத்த அழுத்தக் கருவி ஆகிய மூன்றும் சொல்வதைக் கேட்பது நல்லது.

தாகத்திலிருந்தே தொடங்கலாம். 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். 67 முதல் 75 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்கள் ஏழு பேர். இருபதுகளிலும் முப்பதை ஒட்டியும் இருந்த இளைஞர்கள் ஏழு பேர். எல்லாரையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்றார்கள். இளைஞர்கள் வாய் வறண்டு தவித்து, குறைந்ததைக் குடித்து ஈடுசெய்தார்கள். முதியவர்களுக்குப் பெரிதாகத் தாகமே எடுக்கவில்லை, குடித்ததும் குறைவு. ரத்தத்தைச் சோதித்தால் நீர்ப்பற்றாக்குறை தெளிவாகத் தெரிந்தது. இத்தனைக்கும் அவர்கள் நோயாளிகள் அல்ல. இளவயதில் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர் என்றால் முதுமையில் அது 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. சிறுநீரகமும் முன்போல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. கையிருப்பு குறைவு, செலவு அதிகம், தீர்ந்துபோனாலும் தெரியாது.

ஆகவே தாகம் எடுத்தால் குடிப்பது என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, மணி பார்த்துக் குடிக்க வேண்டும். காலை மாத்திரையோடு ஒரு டம்ளர், பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று. இரவு எட்டுக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நடுநிசியில் கழிவறைக்கு எழுந்து போகும்போதுதான் பலர் விழுகிறார்கள். வடசென்னையில் இன்னொரு காரணமும் உண்டு. பல குடியிருப்புகளில் கழிவறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, அல்லது நாலு குடும்பத்துக்குப் பொது. அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு அறிவியல் சொல்லிப் பயனில்லை. வழியில் ஒரு விளக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுத் தந்தால் அவர்களே குடிப்பார்கள். இதய பலவீனத்துக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவே கணக்கு.

அடுத்தது வியர்வை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனால்தான் நாமும் குளிர்கிறோம்: ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பைவிட்டு நீங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு மணிக்கு 70, 80 கிலோகலோரிதான் உண்டாக்குகிறது. அப்படியானால் மணிக்கு ஒரு சின்ன டம்ளர் வியர்வை ஆவியானாலே போதும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உப்பையும் தண்ணீரையும் மட்டும் கொண்டுபோகிறதே தவிர, சூட்டைக் கொண்டுபோவதில்லை. மே மாதத்தில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து அந்த வேலையை நடத்திக்கொடுக்கும். அக்டோபரின் அசையாத ஈரக்காற்றில் அது நடக்காது. முதியவருக்கோ வியர்வைச் சுரப்பிகளே மந்தமாகியிருக்கும்; அவர் தோல் உலர்ந்தே இருப்பதைப் பார்த்து “இவருக்கு வேர்க்கவே இல்ல, நல்லாத்தான் இருக்காரு” என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு இப்படி ஒருவர் படுத்திருந்தால், சுரப்பி செய்யாததைத் துண்டு செய்யட்டும். நனைத்துப் பிழிந்த துண்டால் கழுத்து, கை, முதுகெல்லாம் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்தால், அந்த ஈரம் வியர்வை செய்யும் வேலையைச் செய்துவிடும்.

கருவாடும் நீர் மாத்திரையும்

ரத்த அழுத்தத்துக்குப் பருவகாலம் உண்டு என்பது நம் வீடுகளில் அதிகம் தெரியாத செய்தி. பிரான்சில் போர்தோ, டிஜோன், மொன்பெலியே ஆகிய மூன்று நகரங்களில் 65 வயது தாண்டிய 8,801 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. கோடையைவிடக் குளிர்காலத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி கூடியிருந்தது. எண்பதைத் தாண்டியவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை, உண்மைதான். ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும். சூட்டில் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் இறங்குகிறது. குளிர்ந்தால் அவை சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது.

இதோடு உப்பைச் சேர்த்துப் பாருங்கள். புழுக்க நாட்களில் வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கிறது. மழை இறங்கியதும் வியர்வை நின்றுவிடுகிறது. உள்ளே போகும் உப்போ அதே நேரத்தில் கூடுகிறது. கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும் நாட்களில் காசிமேட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் நல்ல மீன் விலைக்குக் கட்டாது. கருவாட்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பாடு மாறும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. ஒரு வேளைக் கருவாட்டுக் குழம்பே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கருவாட்டை விடச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்லவில்லை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் விட்டால் பாதிச் சுமை குறையும். அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்து மழைக்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது. அழுத்தத்துக்கென்று நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர், புழுக்கத்தில் வியர்த்துக்கொட்டி, வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடலாம். முதலில் அசதி, பிறகு தள்ளாட்டம், பிறகு பேச்சுக் குழறல், குழப்பம். “வயசாயிடுச்சு, மறதி” என்று வீட்டில் தள்ளிவிடுகிற பல குழப்பங்கள் ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடியவை. ஒரே மாத்திரை, ஒரே அளவு. செப்டம்பர் கடைசியில் அது அதிகமாகவும் நவம்பரில் குறைவாகவும் போய்விடக்கூடும். இதைச் சரிசெய்ய வேண்டியது மருத்துவர், நீங்கள் அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது, அவருக்கு எண்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது. மழை தொடங்கும் சமயத்தில் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பின் அழுத்தத்தைப் பார்த்து எழுதுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நின்றவுடன் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், கட்டிலிலிருந்து எழும்போது தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு என்று பொருள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறதே என்று மருத்துவரைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வாரத் தாள் மிக முக்கியம்.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

“ஆயா ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குது.”

“காச்சலா?”

“தொட்டுப் பார்த்தேன், சுடல. சோறுதான் வேணாங்குது. ராத்திரி யார் யாரையோ கூப்புடுது.”

தண்டையார்பேட்டையிலோ கத்திவாக்கத்திலோ ஒரு மருந்துக்கடை வாசலில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கடைக்காரர் சத்து டானிக் கொடுத்து அனுப்புவார். ஆயாவுக்கு இருப்பது நுரையீரல் அழற்சியாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கக்கூடும்.

காய்ச்சல் என்பது கிருமி உண்டாக்குவதல்ல. கிருமியைக் கண்ட உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் சூடு. முதுமையில் அந்த அடுப்பு சரியாகப் பற்றுவதில்லை. கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் லேசாகவோ, இல்லாமலோ போகிறது. அவர்களுடைய சாதாரண வெப்பநிலையே 98.4க்குக் கீழே, 97ஐ ஒட்டி இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு 99 டிகிரியே பெரிய செய்தி. நன்றாக இருக்கும் நாளிலேயே அவருடைய வெப்பநிலையைப் பார்த்து நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலோ, 100ஐத் தாண்டினாலோ காய்ச்சல்தான். அதோடு மூச்சை எண்ணிப் பாருங்கள். அவர் கவனிக்காதபோது, முழுசாக ஒரு நிமிடம். 25க்கு மேல் போனால் தாமதிக்காமல் மருத்துவமனை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள், கிழமை, ஆள் தெரியாமல் உளறினால் அதைக் காய்ச்சலுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பருவத்துக் காய்ச்சல்களில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் நம் பகுதிக்கு நெருங்கிய உறவு. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துப் பழகிய ஊர் இது. ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் மழைத் தண்ணீரோ, அடுத்த லாரித் தண்ணீரோ தொட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்பினால் பயனில்லை என்பது இதனால்தான். வாரம் ஒருமுறை உள்சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்தக் கொசு பகலில் கடிக்கிறது. மதியம் கண்ணயரும் தாத்தாவுக்குத்தான் கொசுவலை முதலில். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகே ஆபத்து தொடங்கக்கூடும் என்பதையும், வலிக்கு இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் அன்றே கேட்டுவிட வேண்டும்.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலின் வெடிப்பு வழியாக ஏறுகிறது. காலை நனைத்த நாளுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடுவதால் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. மருத்துவரிடம் “பதினஞ்சு நாளைக்கு முன்னால முட்டிக்கால் தண்ணியில நடந்தேன்” என்று நீங்கள் சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார். கெண்டைக்கால் வலி, சிவந்த கண் இரண்டும் அதன் அடையாளங்கள்.

தண்ணீரில் நடப்பதைப் பற்றிப் பேசும்போது சர்க்கரை நோயாளியின் பாதத்தை விட்டுவிட முடியாது, அதிலும் ராயபுரத்தைப் பற்றி எழுதும்போது. இந்தியாவின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவைப் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். அங்கே பாதத்துக்கென்று தனிக் கவனம் செலுத்துவதற்குக் காரணம் எளிது. நீண்டகாலச் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. தெருவில் தேங்கிய கலங்கல் தண்ணீருக்கடியில் கிடக்கும் ஆணியோ கிளிஞ்சலோ குத்தினால் அவருக்கு வலிக்காது. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது. மூன்றாம் நாள் நாற்றம் வந்து பார்க்கும்போது புண் உள்ளே போயிருக்கும். மழைக்காலத்தில் வெளியே போய்வந்த ஒவ்வொரு தடவையும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பார்வை மங்கியிருந்தால் பேரப்பிள்ளை பார்க்கட்டும். காலைச் சூடுபடுத்த வெந்நீரில் வைப்பதும் கூடாது; கொதிக்கிறதா, வெதுவெதுப்பா என்பதையும் அந்தப் பாதம் சொல்லாது.

தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. அடிபம்பால் மெட்ரோ வாட்டர் குழாயிலிருந்து தண்ணீர் இழுக்கும்போது, குழாயில் அழுத்தம் இல்லாத நேரமானால், வெடிப்புகள் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். மழையில் மண் ஊறியிருக்கும்போது இது அதிகம். காய்ச்சாத தண்ணீர் முதியவருக்கு வேண்டாம்.

இனி மறுபடி காற்றுக்கு வருவோம். திருவொற்றியூரின் மேற்கே மணலி, வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு. கச்சான் காலத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து நெடி திருவொற்றியூருக்கு வரும். வாடைக்காலத்தில் அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து வரும். நடுவிலுள்ள அசையாத நாட்களில் வந்தது வந்த இடத்திலேயே நிற்கும், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிப் புழுதியோடு. அதன் மேல் தீபாவளிப் புகை. நாள்பட்ட சளி, இளைப்பு உள்ளவர்கள் இன்ஹேலரை இளைப்பு வந்தபின் தேடுவதைவிட, தினமும் எடுக்கச் சொன்ன வகையை இந்த வாரங்களில் ஒரு நாளும் விடாமல் எடுப்பது மேல். நடைப்பயிற்சிக்குப் போகுமுன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்; உங்கள் தெருவை நோக்கியிருந்தால் அன்று வீட்டு வராந்தாவே போதும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கரையில், கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளமும், கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் ஓய்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அம்மோனியா தண்ணீரில் உடனே கரையும். கண்ணும் தொண்டையும் எரிவது, அங்கேயுள்ள ஈரத்தில் அது கரைவதால்தான். அதே காரணத்தால், நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டால் ஓரளவு தடுக்கும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும், அதற்குக் குறுக்காக விலக வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர் உள்ள வீட்டில், யார் தூக்குவது, எந்தத் தெரு வழியாகப் போவது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் குடிமக்கள் தலையில் விழக்கூடாத வேலை என்பது வேறு விஷயம்.

ஃப்ளூ தடுப்பூசிக்கும் இந்த ஊருக்கென்று ஒரு காலம் இருக்கிறது. நாட்டின் பல நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ உச்சத்துக்குப் போகும்போது, சென்னையிலும் வேலூரிலும் அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் எழுவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரமாகும். ஆவணியில் போட்டுக்கொண்டால் ஐப்பசிக்குச் சரியாக இருக்கும். நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் அதே சமயம் கேட்டுவிடலாம்.

கடைசியாக, மழைக்கால மருந்துப் பை. ஒரு மாதத்துக்கான மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல், மூக்குக்கண்ணாடி, டார்ச், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், எல்லாம் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனதும் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் அறையில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும், பெட்டியில் அந்தந்த மருந்துக்கு எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். மழை நாளில் அந்தச் சூடு அநேகமாகத் தாண்டாது. தாண்டினால் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் ஒரு சின்ன மண்கலயத்தை இறக்கி, அதற்குள் வைத்து மூடலாம். ஐஸ் கட்டி வாங்கிவந்து அதன் மேலேயே பாட்டிலை வைப்பதுதான் தவறு: உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.